பத்தும் நூறும்

கேமராதான் குற்றவாளி என்று காட்டுவதற்காகவே அந்தப் பெட்டியைக் கட்டினேன். இப்போதாவது சொல்லித் தொலைக்கிறேன்.

ராயபுரத்தில் எனக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ. துறைமுகத்தில் கரி சுமக்கும் ஒருத்தியின் மூன்று வயதுப் பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குத் தூக்கும் முன் ஒரு படம் வேண்டுமென்று ஆள் அனுப்பினாள். குடிசைக்குள் அரை இருட்டு. அவள் மடியில் குழந்தையை வைத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பிலிமில் ஒன்றுமே விழவில்லை.

"ஷட்டர் கெட்டுப்போச்சும்மா, சோதிச்சுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சோதிக்க என்னிடம் என்ன இருந்தது, மண்ணாங்கட்டி! ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று காதால் கேட்டா சொல்ல முடியும்? வீம்புக்கு நானே ஒரு கருவி செய்ய உட்கார்ந்தேன். சினிமாக் கொட்டகையில் கழித்துப் போட்ட, வெளிச்சம் பட்டால் மின்சாரம் பாயவிடும் போட்டோ செல் ஒன்று, பழைய ரேடியோ வால்வு, கண்டென்சர், ஒரு முள் மீட்டர், எல்லாம் ஒரு பெட்டிக்குள். லென்சுக்கு முன்னால் கார் பேட்டரியில் எரியும் பல்பு, பின்னால் செல். ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் முள் அதிகம் ஏறும். அட்டையில் கீறல் போட்டு, கிராமபோன் தட்டில் சுற்றவிட்டு, கீறல் வழியே வெளிச்சம் விழும் நேரத்தைக் கணக்குப் போட்டு அளவுக் கோடுகளைக் குறித்தேன். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

வாரா வாரம் அவள் வந்து நின்றாள். கையெல்லாம் கரி. "மிசினு ரெடியாச்சா நைனா? ரெடியாச்சின்னா எம் புள்ள மூஞ்சி வந்துடும்ல?"

வராது என்று தெரிந்தும், "அடுத்த வாரம் வாம்மா" என்று அனுப்பிவைத்தேன்.

ஒருவழியாகப் பெட்டி வேலை செய்தது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு வைத்தேன், முள் அந்தக் கோட்டிலேயே நின்றது. ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று, எல்லாம் சுத்தம். ஐயோ, அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குத் திருவொற்றியூரில் நல்ல வெயிலில் ஆலை ஆட்களைக் குரூப் போட்டோ எடுத்துவிட்டு நேரே அவள் குடிசைக்குப் போனவன் நான். வெயிலுக்கு வைத்த நூறை இருட்டுக்குப் பத்தாகத் திருப்பவே இல்லை. பாழாய்ப்போனவன் நான்தான், கேமரா இல்லை.

அடுத்த நாளே வந்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷட்டரை நூறில் வைத்துக்கொண்டு, "இது பத்து, பாரும்மா" என்று அமுக்கினேன். முள் லேசாக எழுந்து அடியிலேயே நின்றுவிட்டது.

"பார்த்தியா, இந்தக் கோடு வரைக்கும் ஏறணும். ஏறலை. படம் இனிமே வராதும்மா."

முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் தொட்டாள்.

"அத்தத் தூக்கிக் கடாசிடாத நைனா. பாவம், அதுக்கு இன்னா தெரியும்" என்றாள். "நீயும் எம்மா நாளா எம் புள்ளைக்காகக் குந்திகினு கீற."

அவள் என்னைக் காறித் துப்பியிருந்தால் பிழைத்திருப்பேன்.