பித்தளை வலையில் வடித்த பால்

தம்பி சிறில் கொழும்புக்குப் பக்கத்தில் றப்பர்த் தொழிற்சாலையில் இரசாயனவியலாளன் என்று மட்டக்களப்பில் பீற்றிஸ் சொல்லாத ஆளில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் றப்பர்ப்பாலில் எவ்வளவு கந்தகம் சேர வேண்டும், எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்ப்பதே அவன் வேலை எனப் பிசகாமல் விளக்குவாள். 1959இல் சேர்ந்தவன் படிப்படியாகச் சோதனை அறைக்கே பொறுப்பானான். ஊருக்கு வந்தால் அடுத்த வீட்டுச் சைக்கிள் டியூப்பையும் இழுத்து மோந்து பார்ப்பான்.

எழுபத்துமூன்றில் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றது. பால் வடிக்கும் உருக்கு வலை கிழிந்ததும் முதலாளி பித்தளை வலையைப் பூட்டினார். பித்தளையில் செம்பு இருக்கிறது, செம்பு பட்ட றப்பர் சில மாதத்தில் இளகிவிடும் என்று சிறில் தடுத்தான். அப்படியானால் உருக்கு வலை ஒன்று கொண்டுவா என்றார் முதலாளி. அது நாட்டில் எங்கும் இல்லை. மூடினால் அத்தனை தொழிலாளரும் வீட்டில் இருக்க வேண்டும். புதுச் சாமான் இழுவைச் சோதனையில் தேறியது. தேறியது என்றே கையெழுத்து வைத்தான்.

அடுத்த வருடம் கோயில் திருநாளுக்கு அவன் வந்திருந்தபோது, காத்தான்குடிக் கடைக்காரர் சாலிஹ் கட்டு ஒன்றைச் சுமந்து வந்தார். குழந்தைகளுக்கு விரிக்கும் றப்பர் சீலை. சிறில் செய்கிற சாமான் என்று நம்பி எடுத்தது. மடிப்புகள் ஒட்டிக்கிடந்தன; பிரித்தால் பலாப்பால் போல விரலோடு வந்தன. பவுடர் போட்டும் சரிவரவில்லையாம்.

கடையில் வெயில் பட்டிருக்கும் என்று பீற்றிஸ் முந்திக்கொண்டாள்.

"வெயில் இல்லக்கா. எங்கட பிழைதான்," என்றான் சிறில். "இத இனி ஒருத்தராலயும் பழையபடி ஆக்க ஏலாது."

"படிச்ச நீங்களே ஏலாது எண்டா, நான் புள்ளைகளுக்கு வாழையிலை விரிக்கச் சொல்லவா தம்பி?" என்றார் சாலிஹ்.

திருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பிய சிறில், கெட்டுப்போன சீலையைக் கொண்டுபோய் முதலாளி மேசையில் விரித்தான். அவர் பார்த்தார், வலை எங்கே என்று மறுபடியும் கேட்டார். சிறில் வேலையை விடவில்லை. விட்டாலும் வலை அங்கேதான் இருக்கும். இனி எங்கள் சாமானை எடுக்க வேண்டாம் என்று சாலிஹிடம் சொல்லும்படி அக்காவுக்குத் தகவல் அனுப்பினான்.

பீற்றிஸ் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனாள். கடையில் வேறு ஆட்கள் போகும்வரை நின்று, பிறகுதான் சொன்னாள்.

"உங்கட தம்பிட சாமானையா வேணாம் எண்டுறீங்க?" என்றார் சாலிஹ்.

"அவன்தான் சொல்லச் சொன்னவன், காக்கா," என்றாள், அவரை அண்ணன் முறை வைத்து.

சாலிஹ் சாமான் அடுக்கிய அலமாரித் தட்டைத் திரும்பிப் பார்த்தார். "நேத்துத்தான் புதுக் கட்டு வந்திச்சி," என்றார். "இண்டைக்குக் காலையில ரெண்டு வித்தும் போச்சி."