வீட்டில் பதினேழு, கம்பெனியில் பதினெட்டு

எனக்குப் பதினான்கு வயதிலேயே பதினெட்டு ஆகிவிட்டது. வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் சொல்லித் தந்த பாடம் அது. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் பதினெட்டு. ஐந்து வருஷம் அதையே ஒப்பித்தேன். வீட்டில் கதை வேறு. மாப்பிள்ளை வீட்டார் வர ஆரம்பித்ததிலிருந்து அப்பா என்னைப் பதினேழிலேயே நிறுத்தி வைத்திருந்தார். உண்மையில் எனக்கு வயது பத்தொன்பது. அது யாருக்கும் தேவைப்படவில்லை.

எண்பத்தொன்பதில் அரசியல் சட்டத்தையே திருத்தி, இருபத்தொன்றாக இருந்த ஓட்டு வயதைப் பதினெட்டாகக் குறைத்துவிட்டார்கள் என்று கம்பெனியில் ஒரே பேச்சு. கட்டிங் மாஸ்டர் டீயைக் குடித்துக்கொண்டே, "சும்மா குடுப்பாங்களா? உள்ள என்னமோ இருக்குதுங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கேட்காமல் ஒன்று கைக்கு வந்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிற புத்தி எனக்கு; நாளெல்லாம் பனியனில் ஓட்டை தேடிப் பழகிய கண். ஆனாலும் அந்த ஓட்டு எனக்கு வேண்டியிருந்தது. என் நிஜ வயதை முதல்முதலாக யாரோ கேட்கிறார்கள். அதை விட மனசு வரவில்லை.

அப்பாவின் சந்தேகம் இன்னும் பெரிது. முன்பு ஒரு சமயம் வீடு வீடாகப் பேரெழுத வந்தவர்களுக்குப் பின்னாலேயே குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப்பும் வந்ததாம். சோளக்காட்டுக்குள் ஒளிந்து தப்பித்தாராம். அதிலிருந்து நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் அவர் முகம் இறுகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்காளர் பட்டியலுக்குப் பேரெழுத வாத்தியார் வந்தார். எனக்கும் தம்பிக்கும் பாடம் எடுத்தவர். கெட்ட நேரம், என்னைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வந்தவர்கள் அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊட்ல பதினெட்டு முடிஞ்சவங்க யாருங்க?" என்றார் வாத்தியார்.

"பையனுக்கு முடிஞ்சுதுங்க."

"புள்ளைக்குங்க?"

"பதினேழுதானுங்க ஆகுது" என்றார் அப்பா.

வாத்தியாரின் பேனா நின்றுவிட்டது. தம்பி என்னைவிட ஒரு வயது சின்னவன். நான் ஐந்தாவது படிக்கும்போது அவன் நாலாவது. "ஏனுங்க, புள்ளை பெரியவ இல்லீங்களா?" என்று கேட்டேவிட்டார். "இல்லீங்க, இல்லீங்க" என்று அப்பா அவசரமாகத் தலையாட்டினார். மாப்பிள்ளையின் அம்மா வாத்தியாரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு காபித் தட்டோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறந்ததிலிருந்து அவனுக்கு அக்கா நான். ஒரே வார்த்தையில் தங்கச்சியாகிவிட்டேன். ஆனால் வாயைத் திறக்கிற தைரியம் அன்று இல்லை.

சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. நான்தான் வாத்தியாருக்குக் கண் காட்டியிருக்கிறேன் என்று அப்பா நினைத்தார். நான் காட்டவில்லை. ஆனால் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூட சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் ஓடினேன். "அப்பாவுக்குத் தெரியுமா கண்ணு?" என்றார். சர்டிபிகேட்டை விரித்து நீட்டினேன். அவரும் மேற்கொண்டு கேட்காமல் எழுதிக்கொண்டார்.

தேர்தலுக்கு முன் கட்சிக்காரர்கள் சிலிப் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் என் பேர் பட்டியலில் இருப்பது அப்பாவுக்குத் தெரிந்தது. சிலிப்பைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அவர் கவலை அவருக்கு. அடுத்த வாரம் அவிநாசிபாளையத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வருவதாக இருந்தது. புதுத் தரகர். அவரிடமும் பதினேழுதான் சொல்லியிருந்தார்.

ஓட்டுப் போடும் அன்று பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. வாசலில் நான் நின்றபோது பக்கத்து வரிசையில் அப்பா நின்றார். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி, அந்தத் தரகர். நான் உள்ளே போனேன். என் பேரை வாசித்ததும் அங்கே உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்ட் எழுந்துவிட்டார். எங்கள் தெருக்காரர்தான்.

"சார், இந்தப் புள்ளைக்கு ஓட்டில்லீங்க. பதினேழுன்னு இவங்கப்பாவே ஊரெல்லாம் சொல்லீட்டிருக்காருங்க."

மை வைக்க வந்த கை நின்றது. "உங்கப்பா வந்திருக்காராம்மா?" என்று அதிகாரி கேட்டார். நான் வாசல் பக்கம் கையைக் காட்டினேன். இரண்டு வரிசையும் அப்பாவைப் பார்த்தது. பதினேழு என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அவரை அந்த அளவுக்குத்தான் நம்பினேன். அப்பா ஒருமுறை திரும்பித் தரகரைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"பத்தொம்போது முடிஞ்சுதுங்க சார். பெத்தவனுக்குத் தெரியாதுங்களா? இவதானுங்க மூத்தவ."

தரகர் வெளியே எதையோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் விரலில் மை வைத்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குள் போய்விட்டேன்.

வெளியே புளியமரத்தடியில் அப்பா காத்திருந்தார்.

"யாருக்குக் கண்ணு குத்துனே?"

"நீங்க சொன்ன சின்னத்துக்குத்தானுங்கப்பா."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நம்பவில்லை. நானும் தலையைக் குனியவில்லை. நான் குத்தியது வேறு சின்னத்துக்கு.