ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து டவுன்லோடு ஆன ஞானஸ்நானம்

எனக்குப் புதுநன்மை கொடுக்க நாள் குறித்த அந்த வருஷம்தான் சாந்தோமில் இருந்த எங்கள் வீட்டுக்கு ரூட்டர் வந்தது. இரண்டில் எது பெரிய விசேஷம் என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி எல்லாம் உண்டு. ரூட்டருக்கு வரிசையாகப் பச்சை விளக்குகள் உண்டு, அவை தாமாகவே கண் சிமிட்டும். அப்பா அதை மாதா படத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தார். அம்மா முதல் நாள் ஜெபம் சொல்லும்போது அதைப் பார்த்துக்கொண்டே சொன்னதாக எனக்கு ஞாபகம்.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், எல்லாரும் அவரவர் ஞானஸ்நானப் போட்டோவைக் கொண்டுவர வேண்டும், அட்டையில் ஒட்டிக் கோயில் வாசலில் வைக்கப் போகிறோம் என்றார். எங்கள் வீட்டில் அந்தப் போட்டோ இல்லை. ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்து, ஆல்பம் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிட்டிருந்தது. அதில் என் பங்குக்குக் கிடைத்தது ஒரு காது மட்டும். அதுவும் என்னுடையதா, அண்ணனுடையதா என்று அம்மாவாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் வீடியோ கேசட் ஒன்று இருந்தது. அது ஈக்காட்டுத்தாங்கலில், பெரியப்பா வீட்டில் இருந்தது. பெரியப்பாதான் என் ஞானத்தகப்பன். கோயிலில் என்னைக் கையில் ஏந்தி, எனக்காகச் சாத்தானை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தவர். சாத்தானை விட்டாரோ இல்லையோ, சில வருஷமாக எங்களோடு பேச்சை விட்டிருந்தார்.

காரணம் ஒரு ஸ்கூட்டர். அப்பாவும் அவரும் இளவயதில் சேர்ந்து வாங்கியது. பெரியப்பா ஓட்ட, அப்பா பின்னால் உட்கார, இருவரும் போகாத இடமில்லையாம். கடைசியில் அது ஓடுவதையே நிறுத்தி எங்கள் வீட்டுச் சுவரோரம் துருப்பிடித்து நின்றது. அப்பா ஒரு நாள் அதைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டார், தன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். விஷயம் தெரிந்த பெரியப்பா வாசலில் நின்றபடியே, "என் வீட்லேர்ந்து ஒரு குண்டூசி கூட இனிமே இந்த வாசப்படி ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டுக் குண்டூசி இங்கே யாருக்கு வேண்டும் என்று அப்பா கதவைச் சாத்தினார். அதிலிருந்து பேச்சு அப்படியே நின்றது.

பெரியப்பா மகள் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் அம்மாவும் மட்டும் போனில் பேசிக்கொள்வார்கள், அப்பாவுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில். என் போட்டோக் கவலை அந்த வழியாக ஈக்காட்டுத்தாங்கல் போய்ச் சேர்ந்தது. வீட்டுக் கேசட்டுகளை எல்லாம் கோடம்பாக்கத்தில் ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருப்பதாக அக்கா சொன்னாள். "குண்டூசிதான் வரக்கூடாதுன்னாரு சித்தி. ஃபைலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

மெயிலில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிய ஃபைல் அது. அதனால் டொரன்ட் போட்டு அனுப்பலாம் என்று அவளும் பத்தாம் வகுப்பில் இருந்த என் அண்ணனும் முடிவு செய்தார்கள். நடுவில் யார் தயவும் இல்லாமல் அவள் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்கு நேராக, துண்டு துண்டாக வந்து, இங்கே ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும் என்று அண்ணன் எனக்கு விளக்கினான். நான் எந்தத் துண்டாக முதலில் வருவேன் என்று கேட்டேன். வாயை மூடு என்றான்.

புதுநன்மைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த வேலை தொடங்கியது. திரையில் ஒரு நீளமான வெற்றுக் கட்டம். அதில் பச்சை நிரம்ப வேண்டும். நிரம்பவில்லை. பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்து பார்த்தேன். பூஜ்யம். படித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் பூஜ்யம்தான். அண்ணன் ரூட்டரை அணைத்துப் போட்டான். ஃபயர்வாலை நிறுத்தினான். வயரைப் பிடுங்கி நேராகக் கம்ப்யூட்டரில் செருகினான். அம்மா தன் பங்குக்கு ரூட்டரை முந்தானையால் துடைத்தார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபடி, "எதையாவது பண்ணுங்க, என்னை மட்டும் கேக்காதீங்க" என்றார். அவரை யாருமே கேட்டிருக்கவில்லை.

நம் லைனில்தான் கோளாறோ என்று சோதிக்க, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருந்த ஒரு மென்பொருளை அண்ணன் அதே முறையில் இறக்கிப் பார்த்தான். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் கொடுக்க, பச்சை ஓடிப்போய் நிரம்பிவிட்டது. முகம் தெரியாதவர்களிடமிருந்தெல்லாம் வருகிறது, பெரியப்பா வீட்டிலிருந்துதான் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த பையன் வந்தான். ராயப்பேட்டையிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் கம்பம் ஏறி ஒயர் இழுக்கிறவன். வந்ததும் ரூட்டரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான்.

"லைன்ல ஒண்ணும் இல்லபா. ஆன்லைன்ல கீறது ரெண்டே பேரு. ரெண்டு பேர் ரூட்டரும் வெளிலேர்ந்து வர்றவன உள்ள வுடாது. இந்தாண்ட தொறக்க முடியாது, எங்க லைன்ல தெருவே ஒரே அட்ரஸ்ல குந்திகினு கீது. அந்தாண்டதான் தொறக்கணும். ஆமா, ஆளு எங்க கீறாரு?"

"ஈக்காட்டுத்தாங்கல்" என்றேன் நான்.

அவன் என்னைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். "இன்னாபா, நான் அமெரிக்கான்னு நெனச்சுகினு கீறேன்! ஒரு பென் டிரைவ்ல போட்டுகினு பஸ் ஏறுனா மேட்டர் ஓவர்."

அப்பாவின் செய்தித்தாள் ஒரு பக்கம் திரும்பியது. அம்மா அவசரமாக, "காபி குடிக்கிறியாப்பா?" என்றார். அவன் குடித்தான், குடித்து முடிக்கும்வரை எங்களை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் கோபமாக வந்தது. ஃபைல் வேறு, குண்டூசி வேறு என்ற சாதாரண விஷயம்கூட அவனுக்குப் புரியவில்லையே என்று.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். அவள் வீட்டு ரூட்டரின் உள்ளே போய் ஒரு வாசலைத் திறந்துவிட வேண்டும், அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும். அது பெரியப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கம்ப்யூட்டர் மேல் வைத்தான். அம்மா மாவு பிசைந்த கையோடு வந்து நின்றார். அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். காலை ஆட்டிக்கொண்டிருந்ததால் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் அக்கா தன் அப்பாவைக் கூப்பிடுவது கேட்டது. பெரியப்பா வர்க்‌ஷாப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார் போலிருக்கிறது.

"பாஸ்வேர்டு எதுக்கு?"

"நெட்டு சரியா வரலப்பா."

"எனக்கு நல்லாத்தான் வருது."

"அங்க போக மாட்டேங்குதுப்பா."

"எங்க?"

அக்கா ஒரேயடியாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாப்பாவுக்குப் புதுநன்மை, அவளுடைய ஞானஸ்நான வீடியோ, போட்டோ இல்லை, அட்டையில் ஒட்ட வேண்டும். பாப்பா என்பது நான். எனக்காக இவ்வளவு பெரிய அமைதி இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் உண்டானது அதுதான் முதல் தடவை.

"தள்ளு" என்றார் பெரியப்பா. நாற்காலி இழுபடும் சத்தம். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் சத்தம். "தப்புன்னு காட்டுதே! வண்டி நம்பர்தானே வச்சேன்." மறுபடி தட்டினார். மறுபடி தப்பு. வர்க்‌ஷாப் வண்டியின் நம்பர், அக்காவின் ஸ்கூட்டி நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தார். எதற்கும் திறக்கவில்லை.

அப்பாவின் கால் ஆட்டம் நின்றது. கண்ணைத் திறக்காமலேயே அண்ணனைப் பார்த்து, "பழைய ஸ்கூட்டர் நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்லு" என்றார்.

அண்ணன் போனில் சொன்னான். அது எனக்கு எப்படித் தெரியும் என்றாள் அக்கா. அப்பா நாற்காலியில் படுத்தபடியே எழுத்தும் எண்ணுமாக அந்த நம்பரை ஒரே மூச்சில் சொன்னார். செபமாலையில் அருள் நிறைந்த மந்திரம் சொல்வதுபோல், எங்கும் தடுக்காமல்.

தட்டும் சத்தம். பிறகு அக்காவின் கூச்சல். "தொறந்துடுச்சு! சித்தி, தொறந்துடுச்சு!"

கூச்சலுக்கு நடுவே பெரியப்பாவின் குரல் சன்னமாகக் கேட்டது. "அவனுக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கா?"

அதற்கு மேல் அண்ணனின் ராஜ்யம். எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும், எந்தக் கட்டத்தில் எந்த எண்ணைப் போட வேண்டும் என்று இங்கிருந்து அவன் சொல்ல, அக்கா அங்கே போட்டாள். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் ஒன்றுமில்லை. பிறகு கட்டத்தின் இடது ஓரத்தில், நகக்கண் அளவுக்கு, பச்சை. நான் குதித்த குதியில் ரூட்டர் அலமாரியே ஆடியது. அம்மா மாவுக் கையோடு என்னைத் தூக்கிச் சுற்றினார். என் முதுகில் பத்து விரலும் பதிந்தன.

அந்த நேரத்தில் அப்பா எழுந்து வந்து போனை எடுத்தார். ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்று அவருக்குத் தெரியாததால் எல்லாம் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணா."

"சொல்லு."

"உங்க ரூட்டர்ல லைட்டு எரியுதா?"

"எரியுது. உன்னுது?"

"எரியுது. பச்சை."

"இங்கயும் பச்சைதான்."

இப்படியே வெகுநேரம் விளக்குகளைப் பற்றிப் பேசினார்கள். எது சிமிட்டுகிறது, எது சிமிட்டாமல் எரிகிறது, எதன் பக்கத்தில் எது. எனக்குப் பொறுமை போயிற்று. விளக்கு பிரச்சினை இல்லை, வாசல்தான் பிரச்சினை, அதுவும் முடிந்துவிட்டது என்று அப்பாவின் சட்டையை இழுத்துச் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

ஃபைல் நிதானமாகத்தான் வந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, எவ்வளவு வந்திருக்கிறது என்றுதான் கேட்டார்கள். நடுவில் ஒரு தடவை நின்றுபோனபோது பெரியப்பாவே போன் செய்தார். அக்கா லேப்டாப்பை மூடிவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டாளாம், இப்போது திறந்து வைத்துவிட்டாராம், பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாராம். "வருதா பாரு கண்ணு, வருதா?" என்று என்னிடமே கேட்டார். அவர் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

வீடியோ முழுதாக வந்த அன்று எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். எனக்குப் பெரிய ஏமாற்றம். நான் தண்ணீர் ஊற்றும்போது வீறிட்டு அழுதேன், மீதி நேரமெல்லாம் தூங்கினேன். ஆனால் மற்றவர்கள் விருந்துக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். பங்கு மண்டபத்தில் பெரியப்பா கோட்டும் சூட்டுமாக, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு டான்ஸ் ஆடினார். அப்பா ஒல்லியாக, தலை நிறைய முடியோடு, அவருக்கு எதிரே அதே அடியைப் போட்டு ஆடினார். இருவருக்கும் தாளம் தெரியவில்லை, ஆனால் ஒரே மாதிரி தெரியவில்லை. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அட்டைக்கு நான் அழுகிற படத்தைத்தான் பிரிண்ட் எடுத்தார்கள், வேறு எதிலும் என் முகம் முழுதாக இல்லை.

புதுநன்மை ஞாயிறன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார், அக்காவோடு. ஒரு கையில் கேக் பெட்டி, மறு கையில் ஸ்குரூ டிரைவர். யாரும் கேட்பதற்கு முன்பே, "ரூட்டரைப் பார்க்கலாம்னு வந்தேன்" என்றார். அப்பா, "நானே கூப்பிடணும்னு இருந்தேன், ஏதோ மக்கர் பண்ணுது" என்று கதவைத் திறந்தார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பூமுடியைச் சரிசெய்துகொண்டு நடுவில் புகுந்தேன். "ஒரு மக்கரும் இல்ல பெரியப்பா. நூறு சதவீதம் வந்தாச்சு. நாங்க பார்த்துட்டோம்."

"நல்லாப் பாரு கண்ணு, ஒரு லைட்டு எரியலையே."

"அது வயர் செருகாத இடம். அது எரியாது."

"அப்படியா சொல்றே?" என்று அவர் கவலையோடு அப்பாவைப் பார்த்தார். அப்பாவும், "எனக்கும் அந்த லைட்டு மேலதான் சந்தேகம்" என்றார். இருவரும் ரூட்டரைக் கழற்றித் தரையில் வைத்து, எதிரும் புதிருமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிரியாணி ஆறியது. கேக் வெட்ட நான் கத்தியோடு காத்திருந்தேன். அவர்கள் ஒரு வயரைச் செருகுவதும், எடுப்பதும், எதற்கோ தொடையைத் தட்டிச் சிரிப்பதுமாக இருந்தார்கள். பழைய ஸ்கூட்டரில் மகாபலிபுரம் போய்த் திரும்பும்போது சங்கிலி மாதிரி ஏதோ அறுந்த கதை வேறு நடுவில் ஓடியது. நான் சமையலறைக்குப் போய், இவர்கள் இரண்டு பேருக்கும் ரூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அம்மாவிடம் வருத்தத்தோடு சொன்னேன். அம்மா என் கையில் இரண்டு டம்ளர் மோரைக் கொடுத்து, கொண்டுபோய்க் கொடு என்றார்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் ரூட்டர் அடிக்கடி பழுதானது. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். ஒவ்வொரு முறையும் அப்பா போன் செய்வார், பெரியப்பா ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஸ்குரூ டிரைவரோடு கிளம்பி வருவார். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கித் தொலையுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டேன். இரண்டு பேரும் ஒரே குரலில், இது ரொம்ப நல்ல ரூட்டர் என்றார்கள்.