வாட்ச் ஓடுது, அங்கிள்?

பழைய கைக்கடிகாரம் விற்கிறவரிடம் யாரும் மணி கேட்பதில்லை, 'ஒரிஜினலா?' என்றுதான் கேட்பார்கள்.

மலேசியாவின் ஜொகூரில், செனாய் தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடியபோது நானும் நிஜாமும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம். நிஜாமுக்குச் சின்ன வயதிலிருந்தே கடிகாரப் பைத்தியம். பேட்டரி இல்லாமல், உள்ளே பல்சக்கரமும் சுருள்கம்பியுமாக ஓடும் விலை உயர்ந்த கடிகாரங்கள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். எனக்குப் பேசத் தெரியும். இரண்டையும் சேர்த்து, ஒருவர் கட்டிப் பழகிய கடிகாரங்களை வாங்கி ஆன்லைனில் இன்னொருவருக்கு விற்கும் தொழிலைத் தொடங்கினோம். பெர்மாஸ் ஜெயாவில் நிஜாமின் அண்ணன் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் மாடி அறைதான் அலுவலகம். நிஜாம் கடிகாரத்தைத் திறந்து பார்ப்பான். நான் படம் எடுத்துப் போட்டு, வருகிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வேன்.

நீங்களும் ஆன்லைனில் எதையாவது வாங்கிவிட்டு, பெட்டி வந்து சேரும்வரை வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர்தானே? அப்படியானால் உங்களுக்கு என் கஷ்டம் புரியும். நீங்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், அவ்வளவுதான்.

வாசனை

எங்களுடைய முதல் விற்பனை, தோல்பட்டை போட்ட ஓர் அழகான கடிகாரம். வாங்கியவர் மூவாரில் பள்ளி ஆசிரியர். துணியில் சுற்றி, பஞ்சு வைத்து, பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பினோம். பெட்டி கிடைத்த அன்று அவரிடமிருந்து செய்தி எதுவும் இல்லை. மறுநாளும் இல்லை. நிஜாம் நகத்தைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "ஓடலயோ? கண்ணாடி உடைஞ்சிருக்குமோ? நீயே போன் போட்டுக் கேளு கௌரி" என்றான்.

போட்டேன். ஆசிரியர் ரொம்பத் தயங்கினார். குறை சொல்வதாக நினைக்கக்கூடாது என்று இரண்டு மூன்று முறை சொன்னார். கீழே அண்ணன் கடையில் தினமும் ஆட்டுக்கறி கொதிக்கும் என்பதும், தோல்பட்டை எதையும் உறிஞ்சும் என்பதும் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கடைசியில் அவர் சொன்னார்: "வாட்ச் நல்லா ஓடுதுங்க. ஆனா மணி பாக்குறப்பல்லாம் பசிக்குது."

அன்றே ஒரு காற்றுப்புகாத பெட்டி வாங்கினோம்.

அங்கிள் எப்படி இருக்கார்?

பழைய பொருள் என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு. கூலாயிலிருந்து ஓர் ஆன்ட்டி, மகனுக்கு வேலை கிடைத்ததற்காக ஒரு கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தார். விலை சரி, நிறம் சரி. எல்லாம் பேசி முடித்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "இது செத்தவங்க வாட்ச் இல்லையே?" இல்லை ஆன்ட்டி, எங்களுக்கு விற்றவர் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, ஜொகூர் பாருவில்தான் இருக்கிறார் என்றேன். ஆன்ட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆளைக் கண்ணால் பார்த்தால்தான் வாங்குவேன் என்று நின்றுவிட்டார்.

எப்படிக் கேட்பது? 'ஐயா, நீங்கள் உயிரோடு இருப்பதை ஒருவருக்குக் காட்ட வேண்டும்' என்றா? இரண்டு நாள் யோசித்துவிட்டு, சுற்றி வளைத்து அவரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்து வழி வந்தவர். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் இன்னும் சாகேல்லை எண்டு அந்த மனுசிக்கு நானே சொல்லுறன்" என்றார். வீடியோ அழைப்புக்கு டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி வணக்கம் சொல்லி, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ராத்திரி தூக்கம் வருதா என்று வரிசையாகக் கேட்டார். அவரும் மருத்துவரிடம் சொல்வதுபோல் பதில் சொன்னார். நடுவில் ஒருமுறை இருமினார். ஆன்ட்டியின் முகம் சுருங்கியது.

எப்படியோ வாங்கிவிட்டார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. இன்றைக்கும் மாதம் பிறந்தால் ஆன்ட்டியிடமிருந்து ஒரு செய்தி வந்துவிடும்: "வாட்ச் நல்லா ஓடுது சிஸ்டர். அங்கிள்?"

இருக்கா?

ஜொகூரில் பாதிப் பேர் காலையில் வேலைக்குப் போகச் சிங்கப்பூர்ப் பாலத்தில்தான் நிற்கிறார்கள். அப்படி நிற்கும் ஒருவர், பஸ் நகராத நேரத்தில் எனக்கு ஒரு செய்தி போடுவார். நீல முகப்புள்ள ஒரு கடிகாரம், அதன் படத்தை வைத்து, "இன்னும் இருக்கா?" என்பார். இருக்கு என்பேன். "ஓகே லா" என்பார். அவ்வளவுதான். மறுநாள் காலை மறுபடியும், "இன்னும் இருக்கா?" விலை கேட்டதில்லை. நேரில் பார்க்க வந்ததில்லை. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பிவிட்டு, அதற்குக் கீழேயும் "இருக்கா?" என்று கேட்டிருந்தார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே அது ஒரு பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் பத்து பஹாட் ஊரிலிருந்து வந்த ஒருவர் கட்டிப் பார்த்தார், பிடித்தது, வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை வழக்கமான கேள்வி வந்தது. வித்துப்போச்சு அண்ணே என்று போட்டேன். உடனே போன் அடித்தது. பின்னால் பஸ் உறுமும் சத்தம். அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. "அலமாக்! விக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா சிஸ்டர்!"

மெய் லிங்

பின்மூடியில் பெயர் பொறித்த கடிகாரம் சுலபத்தில் விலை போகாது. யாரோ யாருக்கோ கொடுத்த அன்பளிப்பை யார் கட்டுவார்கள்? எங்களிடம் அப்படி ஒன்று வந்தது. 'சிவாவுக்கு, என்றும் அன்புடன், மெய் லிங்' என்று ஆங்கிலத்தில் அழகாகச் செதுக்கியிருந்தது. அதைப் படம் எடுத்து, விலையைக் குறைத்துப் போட்டேன். ஸ்கூடாயிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். அவர் பெயர் சிவா. "பாருங்க, என் பேரே போட்டிருக்கு. எனக்குன்னே வந்திருக்கு!" என்று குதித்தார். கீழே ஒரு சீனப் பெண்ணின் பெயரும் இருக்கிறதே என்று நிஜாம் எச்சரித்தான். "அது பின்னாடிதானே பாய் இருக்கு, யார் பாக்கப் போறா?" என்று கட்டிக்கொண்டு போய்விட்டார்.

குளிக்கப் போகிறவர் கடிகாரத்தைக் கழற்றித்தானே வைக்க வேண்டும்? சில நாள் கழித்து சிவாவின் போனிலிருந்து ஒரு பெண் குரல் என்னை அழைத்தது. "மெய் லிங்கா பேசறது?" இல்லீங்க, கௌரி என்றேன். "சரி, உண்மையான பேரைச் சொல்லுங்க" என்றார். என்ன சொன்னாலும் எடுபடவில்லை. அன்று மாலையே சிவாவின் மனைவி எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். பின்னாலேயே சிவா, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. அந்த அம்மாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது. அதுவரை சிரிப்பாக இருந்தது எனக்குச் சிரிப்பாக இல்லை. வீட்டில் இரண்டு நாளாக அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று சிவா மெதுவாகச் சொன்னார்.

நான் விளம்பரத்தை எடுத்துக் காட்டினேன். அதில் பின்மூடிப் படம் இருந்தது. சிவா விசாரிப்பதற்கு முன்பே போட்ட படம். நிஜாம், எங்களுக்கு விற்றவருடைய கையெழுத்தைக் காட்டினான். அவரும் சிவாதான், ஆனால் சிவகுமார். நம்ம ஆள் சிவநேசன். அந்த அம்மா எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சிவாவும் ஒரு பெருமூச்சு விட்டார். அவசரப்பட்டுவிட்டார். கடிகாரத்தை இன்னொருமுறை திருப்பிப் பார்த்த அந்த அம்மாவுக்கு மறுபடியும் கோபம் ஏறியது. "அந்தப் பொண்ணு எவ்ளோ ஆசையா எழுதிக் குடுத்திருக்கா, அதைப் போய் வித்திருக்கான் பாருங்க. சிவான்னு பேர் வச்சாலே இப்படித்தான் போல!"

அசைவு

கையை அசைத்தால் தானாகவே சாவி ஏறிக்கொள்ளும் ஒரு வகைக் கடிகாரம் உண்டு. பிரேம் என்கிற வாடிக்கையாளர் அதில் ஒன்றை வாங்கினார். சிங்கப்பூர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவர். மூன்றாம் நாளே, செத்துப்போன வாட்சை விற்றுவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தார். நிஜாம் வாங்கி நாலு முறை ஆட்டினான். ஓடியது. "கட்டிக்கிட்டு நடமாடுங்க, நிக்காது" என்றான். பிரேம் சந்தேகமாகக் கேட்டார், எவ்வளவு நடமாட வேண்டும் என்று. "சாதாரணமா ஒரு மனுசன் அசையற அளவுக்குத்தான்" என்றான் நிஜாம். கூட வந்திருந்த அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

அப்புறம் புகார் எதுவும் இல்லை. ஆள் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று நாங்களும் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஒருநாள் அவர் மனைவியைப் பசாரில் பார்த்தேன். கையில் கீரைக்கட்டு. வாட்ச் எப்படி ஓடுது என்று விசாரித்தேன். அவர் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: "எங்க வீட்டுல இங்கிட்டும் அங்கிட்டும் அசையறது மேசைக் காத்தாடி ஒண்ணுதான். அதோட கழுத்துல கட்டி வுட்டுட்டாரு."

மாப்பிள்ளை கடிகாரம்

இது எங்களிடம் வாங்கியது இல்லை. செனாயில் விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர், பட்டை பெரிதாக இருக்கிறது, இரண்டு கண்ணி எடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார். புது மாப்பிள்ளை. பெயர் தினேஷ். மாமனார் போட்ட விலை உயர்ந்த பல்சக்கரக் கடிகாரமாம். நிஜாம் கையில் வாங்கியதுமே விநாடி முள்ளைப் பார்த்தான். பல்சக்கரக் கடிகாரத்தில் அது வழுக்கிக்கொண்டு போகும். இதில் டக் டக்கென்று குதித்தது. திறந்தால் உள்ளே ஒரு சின்ன பேட்டரி. எப்படிச் சொல்வது என்று நிஜாம் என்னைப் பார்த்தான். தினேஷே சொன்னார்: "தெரியும் பாய். பட்டையை மட்டும் சின்னதாக்கிக் குடுங்க. மாமாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க."

சில வாரம் கழித்து அதே தினேஷ் மறுபடியும் வந்தார், இந்த முறை மாமனாரோடு. செடெனாக் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் மேற்பார்வை செய்து ஓய்வுபெற்றவர். பெரிய மீசை, பெரிய சிரிப்பு. மருமகனின் கையைப் பிடித்துத் தூக்கி எனக்குக் காட்டினார். "எப்படிம்மா சரக்கு? போன்லயே பாத்து, பேசி, வாங்குனேன். அடுத்த மகளுக்கும் முடிவாயிருக்கு. அந்த ஆள்கிட்டயே இன்னொண்ணு சொல்லி வச்சிருக்கேன், நாளைக்குக் காசு போடணும். எதுக்கும் உங்ககிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போடலாம்னு வந்தேன்." அவருக்குப் பின்னால் நின்ற தினேஷ் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். நிஜாமுக்குத் திடீரென்று கீழே ஏதோ வேலை வந்துவிட்டது. நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். சொன்னால் ஒரு மனிதரின் சந்தோஷம் போகும். சொல்லாவிட்டால் அவர் மறுபடியும் ஏமாறுவார். மருமகனுக்காகச் சும்மா இருப்பதா, மாமனாருக்காக வாயைத் திறப்பதா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன்.

அதற்குள் தினேஷ், "மாமா, வேணாம்" என்றார். அவர் திரும்பினார். "இது பேட்டரி வாட்ச், மாமா. அந்த ஆளு ஏமாத்திட்டான். இன்னொரு தடவை காசு போடாதீங்க." மாமனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எப்ப தெரியும் மாப்பிள்ளை?" என்றார். "நீங்க மேடையில கட்டிவுட்டப்பவே தெரியும் மாமா." "அப்புறம் ஏன் இன்னும் கட்டிக்கிட்டுத் திரியறீங்க?" தினேஷ் தரையைப் பார்த்தார். "நீங்க ஆசையாக் கட்டிவுட்டது, மாமா."

பெரியவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், பிறகு கண்ணை. ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், குடித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இவரை என் மக ஆன்லைன்லதான்மா பாத்துப் பேசிப் புடிச்சா. முன்னப் பின்ன தெரியாத ஆளை எப்படி நம்புறதுன்னு அவகூட நான் ரொம்ப நாள் பேசவே இல்ல. இப்ப பாருங்க, அவ புடிச்சதுதான் ஒரிஜினல், நான் புடிச்சதுதான் டூப்ளிகேட்."

* * *

இப்படி ஊரில் உள்ளவர்களின் கைகளுக்கெல்லாம் கடிகாரம் தேடிக் கொடுக்கிற நானும் நிஜாமும் மணி பார்ப்பது என்னவோ, கீழே கல்லாவுக்கு மேல் தொங்குகிற, எப்போதும் கொஞ்சம் முந்தியே ஓடுகிற ஒரு பிளாஸ்டிக் கடிகாரத்தில்தான்.