வென்டல் கார் ஒத்திகை பார்த்த மதியம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பேய் என்று யாராவது பேச்செடுத்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிறவள் நான். ஆனால் அன்று இந்தக் காதுகள் கேட்டதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமோஸ் டில்மனை, நியூயார்க்கில் எங்கள் கறுப்பர் பேட்டையான ஹார்லெமில் எல்லோரும் தகரமழை என்போம். ஷூவுக்கு அடியில் தகடு வைத்து அவர் தரையைத் தட்டினால், தகரக் கூரையில் மழை கொட்டுவது போலிருக்கும். ரிச்மண்ட் தெருக்களில் ஆடிப் பிழைத்த பையன், பிறகு கிரவுன் அரங்கில் தனியாக மேடையேறிய முதல் கறுப்பர். அவர் பெயரை வாசலில் பெரிதாக விளக்குப் போட்டு எழுதினார்கள். அவரை மட்டும் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள்.

வென்டல் கார் என்றொரு வெள்ளைக்காரன். மரியாதை கொடுத்து எழுத மனசில்லை. அமோஸ் அண்ணனிடம் ஒரு வாரம் வந்து கெஞ்சிக் கற்றுக்கொண்டான். பிறகு முகத்தில் கரி பூசிக் கறுப்பர் வேஷம் போட்டுக்கொண்டு, அதையே தன் பெயரில் 'கார் அடவு' என்று ஊரெல்லாம் ஆடினான். பத்திரிகைக்காரர்கள் சொக்கிப் போனார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வந்து கால் புண்ணானதை ஒருத்தனும் எழுதவில்லை.

அந்த வென்டலுக்குப் பியானோ வாசிக்கும் பிழைப்பு எனக்கு.

அன்று கிரவுன் அரங்கில் ஒத்திகை. நாங்கள் இருவர்தான். அரங்கின் கதவுகளை எல்லாம் அவனே பூட்டினான். அவன் அடவை யாராவது திருடிவிடுவார்களாம்!

"உங்க தகரமழை ஆஸ்பத்திரியில கிடக்கானாமே?" கரி பூசிக்கொண்டே கேட்டான். "நல்லதாப் போச்சு. இனிமே இதை ஆட நான் ஒருத்தன்தான். ம்... வாசி, பொண்ணு."

எனக்கு வயது நாற்பத்தாறு. "சரிங்க சார்" என்றேன்.

அரங்கக் கடிகாரத்தில் மணி மூன்று. நான் வாசிக்க, அவன் ஆட ஆரம்பித்தான்.

டக்... டக டக... டக்.

கூடவே இன்னொரு சத்தம். எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் எதிரொலி பின்னால்தானே வரும்? இது அவனுக்கு முன்னால் வந்தது.

"யாரது? உங்க ஆளுங்க எவனாவது உள்ள பூந்துட்டானா?"

"நீங்கதானே பூட்டினீங்க, சார்."

அவன் நின்றான். சத்தம் நிற்கவில்லை.

நான் பியானோவிலிருந்து கையை எடுத்தேன். அப்போதும் நிற்கவில்லை.

அவனுக்குப் பக்கத்திலேயே... வெறும் பலகையில்... தூசி எழும்பியது.

அவன் எப்போதும் சொதப்பும் மூன்றாவது அடவு. அதைக் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால்கள் முதலில் அவனைப் போலவே ஆடிக் காட்டின. குடிகாரன் தள்ளாடுவது மாதிரி. அப்பட்டமான கிண்டல். பிறகு சரியாக ஆடின. மழை மாதிரி.

பிறகு... அமைதி. அவன் ஆடுவதற்காக அந்தக் கால்கள் காத்திருந்தன.

அவன் ஆடினான். தப்பு.

டக்!

மறுபடி ஆடினான். தப்பு.

டக்!

அவனால் நிறுத்த முடியவில்லை. கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கரியும் கண்ணீருமாக முகம் வழிந்தது.

"நிறுத்தச் சொல்லு!" என்று அலறினான்.

"யாரைங்க சார்?" என்றேன்.

கடைசியில் குப்புற விழுந்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால்கள் மட்டும் டக் டக்கென்று மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாக நடந்து போயின...

அதற்குப் பிறகு வென்டல் கார் எந்த மேடையிலும் ஆடவில்லை. முட்டி போய்விட்டது என்று பேட்டி கொடுத்தான். முட்டியாம்!

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணன் இறந்துவிட்டார் என்றே நினைத்தேன். வார்டு வாசலில் நர்ஸ் ரூபி என்னை நிறுத்தினாள்.

"உயிருக்கு ஒண்ணுமில்லக்கா, தூங்குறாரு. ஆனா... காலையில ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."



ரூபி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மூணு மணியிலேர்ந்து அவர் போர்வை துள்ளிக்கிட்டே இருந்துச்சு. பாதம் இருக்க வேண்டிய இடத்துல. நாங்க ரெண்டு பேரு அமுக்கிப் பிடிச்சும் நிக்கலக்கா... தூக்கிப் பாத்தா வெறும் மெத்தை. தொட்டேன்..."

"தொட்டு?"

"கொதிச்சுது."