கோணிப்போன பின்சக்கரம்

எங்கள் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆன அதே வைகாசியில்தான் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளும் வீட்டுக்கு வந்தது. சித்தி மண்ணச்சநல்லூரிலிருந்து வந்தாள். வண்டி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. டவுனில் யாரோ ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது சித்தப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார் என்பது அப்பாவின் கட்சி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் சந்துக்குள் அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிள் என்று ஒன்று நுழைந்ததில்லை. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைத் தொடவிடாமல் விரட்டும் உத்தியோகத்தை நானாகவே எடுத்துக்கொண்டேன்.

வண்டி பார்வைக்குத்தான் ராஜா. கிளம்பினால் செயின் லொடலொடவென்று அடித்துக்கொள்ளும். காவிரிப் பாலத்தில் பாதி தூரம் போவதற்குள் பல்சக்கரத்தை விட்டுக் கழன்று தொங்கும். டவுனில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சித்தப்பா, மசி பூசியது போன்ற கைகளோடு ஆபீசுக்குப் போய்ச் சேருவார். அதைப் பற்றியும் யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசாமலிருப்பதுதான் அவர் சுபாவம். அண்ணன் எதிரில் நின்றால் கேட்கவே வேண்டாம், இருக்கிற நாலு வார்த்தையும் போய்விடும்.

எங்கள் வீட்டில் புதிதாக வந்த பெண் பெரியவர்கள் எதிரில் புருஷனோடு பேசக்கூடாது. இதில் பெரியவர் என்றால் அப்பாதான். முன்கட்டிலேயே அரிசிக் கடை வைத்திருந்ததால் அவர் வீட்டைவிட்டு நகரவே மாட்டார். ராத்திரி பேசிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் அத்தனை பேரும் வரிசையாகப் படுத்திருப்போம். சித்தப்பா மாதிரி ஆள் அங்கே என்னத்தைப் பேசுவார், பாவம்.

சித்தியோ அரிசி மில் வீட்டுப் பெண். மில் ஓடுகிற இரைச்சலில் உரக்கப் பேசி வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் குரலை நான் மட்டும்தான் கேட்டேன். ஒருநாள் எனக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்:

"ஆடிக்கு எங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போவாரு பாப்பா. போனா திரும்பி வருவேனான்னு தெரியல."

"ஏன் சித்தி?"

"இங்க எனக்குப் பேச ஆளே இல்லையே."

"நான் இருக்கேன்ல?"

"நீ இருக்கே. உங்க சித்தப்பா இருக்கணுமே" என்று சொல்லிவிட்டு, ரிப்பனை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினாள்.

புதுப்பெண்ணை ஆடி மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் வைத்திருந்து ஆவணியில் அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆவணியிலும் வராமல் இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. என் சித்தியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

இதற்கிடையில் சித்தப்பா செயினை இறுக்கினார். பின்சக்கரத்தின் அச்சைப் பின்னால் இழுக்க பக்கத்துக்கு ஒரு நட்டு உண்டு. செயின் இடது பக்கம்தானே ஓடுகிறது, வலது பக்கத்தில் என்ன வேலை என்று இவர் இடது நட்டை மட்டும் முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டார். கணக்கு எழுதுகிறவரின் மூளை அப்படித்தான் போகும். சத்தம் நின்றது. அவருக்கு ஒரே பெருமை. நெல் விலை விசாரிக்க டவுனுக்குக் கிளம்பிய அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி தானாகவே வலது பக்கம் ஒதுங்கி ஒதுங்கிப் போய், எதிரே வந்த வைக்கோல் வண்டிக்குள் நுழைந்துவிட்டது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா குடுமி நிறைய வைக்கோலோடு நடந்தே திரும்பி வந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இது நேரா ஓடணும். இல்லேன்னா யார் கேட்டாலும் தூக்கிக் குடுத்துடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் பழைய சாக்கை விரித்துச் சித்தப்பா உட்கார்ந்தார். அப்பாவும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். சித்தி சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றபடி எட்டிப் பார்த்தாள். சித்தப்பா மறுபடியும் அந்த இடது நட்டிலேயே கை வைத்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. என்னைக் கிள்ளி இழுத்தாள்.

"சக்கரம் கோணிக்கிட்டு நிக்குதுன்னு போய்ச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரியறது உனக்குத் தெரியல பாரு" என்றார் அப்பா. சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். பிறகு, மெதுவாக, "எப்படித் தெரியும்னு கேட்டுட்டு வா" என்றார்.

யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சமையல்கட்டுக்குத்தான் ஓடினேன். சித்தி பலசரக்குப் பொட்டலத்து நூலைச் சுற்றி வைத்திருந்த உருண்டையை என் கையில் திணித்தாள். மில்லில் இரண்டு உருளைகளும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் கழன்றுவிடுமாம். நூல் பிடித்துத்தான் பார்ப்பார்களாம். நானும் சித்தப்பாவும் பின்சக்கரத்தை ஒட்டி நூலை முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்தோம். வலது பக்கம் நூல் முன்சக்கரத்தில் இடித்தது. இடது பக்கம் தொடவே இல்லை, தள்ளி நின்றது. அப்புறம் என் கால்கள் ஓயவில்லை. இடது பக்கம் விடச் சொல்லு. வலது பக்கம் இழுக்கச் சொல்லு. ரொம்ப இழுக்க வேணாம், ஆள் ஏறி உட்கார்ந்தா செயின் இன்னும் இறுகும், விரலால தூக்கினா கொஞ்சம் ஆடணும்.

நூல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்ற பிறகும் என்னை விடவில்லை.

"கையில அடிபட்டுச்சான்னு கேளு."

"இல்லைன்னு சொல்லு. காப்பி நல்லா இருந்துச்சுன்னும் சொல்லு."

"சர்க்கரை போதுமான்னு கேளு."

செயினுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஓடினேன். அப்பா காலையிலிருந்து பேப்பரில் ஒரே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

அன்று மாலை அப்பா மறுபடியும் வண்டியில் ஏறி டவுனுக்குப் போய், முழுசாகத் திரும்பி வந்தார். வண்டி பிழைத்தது. அடுத்த வாரமே சித்தியின் அப்பா வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிளம்பும்போது, "வருவீங்கல்ல?" என்று சித்தியிடம் கேட்டேன். என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினாள். அந்த ஆடி நகரவே மாட்டேன் என்றது. பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரிக்கரையில் ஊரே கூடியிருக்க, நான் மட்டும் சித்ரான்னத்தை வாயில் வைக்காமல் அழுதுகொண்டிருந்தேன்.

ஆவணி பிறந்ததும், "மாட்டுவண்டி பேசட்டுமா?" என்று அப்பா கேட்டார். "வேண்டாங்க அண்ணே, நானே போயிட்டு வரேன்" என்று சித்தப்பா சொன்னார். அண்ணனுக்கு அவர் அத்தனை நீளமாகப் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. காலையில் மோட்டார் சைக்கிளில் கொள்ளிடம் தாண்டிப் போனவர், சாப்பாட்டு வேளைக்கு வரவில்லை. வெயில் தாழ்ந்தும் வரவில்லை. நான் சந்து முனையிலேயே நின்றேன். அம்மா இரண்டு தரம் வந்து இழுத்தும் அசையவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி வந்தது. பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் புழுதியோடு, சித்தி. நான் குதித்துக்கொண்டே வண்டியோடு ஓடினேன். அப்பா கடை வாசலில் நின்றிருந்தார். சித்தி இறங்கி, தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று தெரிந்ததும், வழக்கம்போல் அவள் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன்.

அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

"ஏங்க, செயின் இறுகிப்போய்க் கத்துது பாருங்க. ரெண்டு பேர் வர்றோம்னா இன்னும் கொஞ்சம் விட்டு வைக்கணும்."

"காலையில விட்டுடறேன். நீ நூல் பிடிக்கிறியா?" என்றார் சித்தப்பா.

அப்பா திரும்பிக் கடைக்குள் போய்விட்டார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே உள்ளே நடந்தார்கள். நான் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தேன். அம்மா பதறி ஓடிவந்து, "சித்தி வரணும் வரணும்னு உசிரை எடுத்தியே, வந்தாச்சே, இன்னும் என்னடி அழுகை?" என்று கேட்டாள். "என்கிட்ட யாருமே எதுவும் சொல்லியனுப்பலம்மா" என்றேன்.