ஜப்பார் பாக்கெட்டுல இருந்த சிவப்பு புஷ் பட்டன்

2009 ஜூன், ரெண்டாவது ஞாயிறு. காலை பத்தே முக்கால் மணி. ஜப்பார் அதுவரைக்கும் ஊதி முடிச்ச சிகரெட், ஆறு.

சால்டரிங் பேஸ்ட் கருகுற வாசனை... கூடவே ஏலக்காய் எசன்ஸ். ரெண்டும் சேர்ந்து வந்தா இன்னிக்கும் எனக்கு உத்திரமேரூர் பஜார்ல பாதி ஷட்டர் இறக்கின அந்த எலக்ட்ரிக்கல் கடைதான் ஞாபகம் வரும்.

கடை ஜப்பார் குடும்பத்தோடது. ஸ்கூல்ல அவனும் நானும் ஒரே பெஞ்ச். நான் சாலவாக்கத்துல இருந்து டவுன் பஸ் ஏறி வருவேன். ட்ரிபிள் ஈ டிப்ளமோ முடிச்சிட்டு வேலை இல்லாம சுத்தின நேரம். வேலைதான் இல்லை, திமிர் நிறைய இருந்தது.

விஷயம் இதுதான். ஜப்பாருக்குக் காஞ்சிபுரத்துல பெண் பார்த்திருந்தாங்க. போட்டோ பார்த்த நாள்ல இருந்து பையன் கடையில உக்காந்து தனியா சிரிச்சுக்கிட்டிருந்தான். பெண்ணோட அப்பா ஒரே ஒரு கண்டிஷன் சொல்லி அனுப்பினார். சிகரெட் பிடிக்கிற மாப்பிள்ளை வேணாம். அடுத்த மாசம் அவரே நேர்ல வரப் போறார். இதுக்கு முன்னாடி வந்த ஒரு சம்பந்தம் சட்டையில அடிச்ச நாத்தத்துலேயே போயிடுச்சு.

"ரெண்டு தபா வுட்டுப் பாத்துட்டேன்டா. முடியல. வாய்ல ஏதோ ஒண்ணு பொகையணும். துபாய்லேர்ந்து வந்த எங்க மச்சான் பேட்டரி சிகரெட்டு ஒண்ணு வெச்சினு இருந்தாரே, அத்த மாரி நீ ஒண்ணு பண்ணிக் குடுடா."

"அதுல இன்னாடா கீது? ஒரு காயில், ஒரு பேட்டரி, ஒரு ஸ்விட்ச். நவுரு"ன்னு கல்லா மேஜையைக் காலி பண்ணேன்.

முதல்ல காயில். ஸ்டவ் காயில் கம்பி ரொம்பத் தடிமன், பேட்டரியை ஒரே மூச்சுல குடிச்சிடும். சால்டரிங் அயர்ன் கம்பி தலைமுடி மாதிரி, ரெண்டு செகண்ட்ல அறுந்துச்சு. கடைசியில இஸ்திரிப் பெட்டி எலிமென்ட்ல இருந்து ஒரு துண்டு வெட்டி, மீட்டர் வெச்சு ரெண்டு ஓம் வர்ற வரைக்கும் நறுக்கினேன். பேட்டரி, பழைய மொபைலோடது. கிளிசரினை உறிஞ்சிக் காயிலுக்குக் குடுக்க ஒரு திரி வேணும்; பஞ்சு கருகுதுன்னு, இஸ்திரிப் பெட்டி ஒயர் மேல போடற கண்ணாடி ஃபைபர் ஸ்லீவ். அதை எல்லாம் நுரையீரலுக்குள்ள இழுக்க விட்டது சுத்தப் பைத்தியக்காரத்தனம். யாரும் செஞ்சு பார்க்காதீங்க.

ஸ்விட்ச்லதான் சண்டை.

ஜப்பார் டார்ச் லைட்ல வர்ற ஸ்லைடு ஸ்விட்ச் ஒண்ணை எடுத்து நீட்டினான். "இத்த போடு. தட்டையா கீது. பாக்கெட்ல உறுத்தாது."

"ஆன்ல மறந்து வுட்டீன்னா பேட்டரி உப்பி வெடிக்கும். புஷ் பட்டன்னா வெரலை எடுத்தா ஆஃப். அதான் சேஃப்டி. படிச்சது யாரு, நீயா நானா?"

"நீதான் சாமி. ஆனா இத்தினி நீட்டிக்கினு கீதே, எங்கனா அமுங்கிடாதா?"

"எவன்டா வந்து உன் பாக்கெட்டை அமுக்கப் போறான்?"

அதுக்கு மேல அவனைப் பேச விடலை. விசிட்டிங் கார்டு டப்பாவுல ஓட்டை போட்டு, சிவப்பு புஷ் பட்டனை மாட்டிட்டேன். மெடிக்கல்ல வாங்கின கிளிசரின், ரெண்டு சொட்டு எசன்ஸ்... புகை வந்தப்போ ரெண்டு பேரும் கத்தின கத்துல எதிர் கடைக்காரர் ஓடி வந்தார்.

வேலை செஞ்சது. ஒரு நாளைக்குப் பதினாலு சிகரெட், மூணு வாரத்துல ரெண்டாச்சு. நாலாவது வாரம் பூஜ்யம்.

பெண்ணோட அப்பா ஜப்பார் வீட்டுக்கு வந்த அன்னிக்கு நானும் அங்கேதான் இருந்தேன். ஜப்பார் உள்ளே போய் ஒரு இழுப்பு இழுத்துட்டு, டப்பாவைச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஹாலுக்கு வந்தான்.

அவர் எழுந்து சலாம் சொல்லி, கையை விரிச்சார்.

ரம்ஜானுக்கு அந்த வீட்ல நானே எத்தனை வாட்டி அப்படிக் கட்டிப்பிடிச்சிருப்பேன்! மார்போட மார்பு, மூணு தடவை. ஓம் கணக்கெல்லாம் சரியா போட்ட எனக்கு அது மட்டும் ஞாபகம் வரலை.

நல்ல கனமான மனுஷன். மூணாவது தடவை பிடிச்ச பிடியை விடவே இல்லை. "வூட்ல அல்லாரும் சுகமா?"ன்னு முதுகைத் தட்டிக்கிட்டே கேட்கிறார்... ஜப்பார் காலர்ல இருந்து வெள்ளையா புகை.

ஹால் பூரா ஏலக்காய் வாசனை.

"இன்னாப்பா இது, நெஞ்சு எரியுதா?"ன்னார், பதறிப் போய்.

மொபைல் பேட்டரி சார்னு சமாளிக்க நான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள ஜப்பார் டப்பாவை எடுத்து அவர் கையிலேயே குடுத்துட்டான்.

"சிகரெட்டை வுடறதுக்கு வெச்சினு கீறேன் மாமா. ஒரு வாரமா ஒண்ணுகூட இல்ல. இத்த மறைச்சு உங்க பொண்ணைக் கட்டிக்க எனக்கு மனசு வரல."

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜை மேல வெச்சார். "இதுவும் இல்லாம ஒரு மாசம் இரு. அப்பறம் பேசலாம்." டீயை மட்டும் குடிச்சிட்டுக் கிளம்பிட்டார். பிரியாணி அண்டாவோட அப்படியே இருந்தது.

வாசல்ல ஜப்பார் மெதுவா சொன்னான். "அந்தத் தட்டை ஸ்விட்ச்சே போட்டிருக்கலாம்டா."

"ஸ்விட்ச்ல ஒரு தப்பும் இல்ல. உன் மாமனார் அமுக்கினா நான் இன்னா பண்றது?"ன்னேன். வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

அந்த ஒரு மாசமும் கிராம்பைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினான். எனக்கு ஒரு போன்கூடப் பண்ணலை. அப்புறம் பத்திரிகையோட வந்தான், நிக்காஹ்ல நான்தான் பந்தி பரிமாறினேன். டப்பா பேச்சை ரெண்டு பேருமே எடுக்கலை. இன்னி வரைக்கும்.

இப்போ நான் ஒரகடத்துல ஒரு கம்பெனியில எலக்ட்ரிக்கல் பேனல் டிசைன் பண்றேன். போன்ல தட்டினா மறுநாளே ஸ்விட்ச் வருது, என்ன தாங்கும், எவ்வளவு தாங்கும்னு எல்லாம் எழுதியே வருது. எந்த புஷ் பட்டனா இருந்தாலும் சுத்தி உசரமா ஒரு தடுப்பு வளையம் இல்லாம நான் கையெழுத்து போட மாட்டேன். ஏன்னு ஜூனியர்கள் கேட்டா, அது ரூல்னு சொல்லிடுவேன். தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. இது அமுங்கிடாதான்னு நின்னு கேட்க அங்கே ஒருத்தரும் இல்லை...

நேத்து ஜப்பார் போன் பண்ணான். மூத்த பொண்ணுக்கு டிப்ளமோ சீட் கிடைச்சிருக்கு, அதே ட்ரிபிள் ஈ. "அப்டியே உன்ன மாரிடா. யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறா"ன்னு சிரிக்கிறான்.

அதனால, இந்த ஞாயிறு:

1. உத்திரமேரூர் போறது. லீவு இல்லைன்னு சாக்கு சொல்லக் கூடாது.
2. பாப்பாவுக்கு நல்ல மீட்டர் ஒண்ணு வாங்கிட்டுப் போறது.
3. அவ எதிர்லேயே ஜப்பார்கிட்ட சொல்றது: அன்னிக்கு தப்பு என்னோடதுதான்டா. நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்.